மொட்டை மாடியில் நீட்டி நிற்கும் கம்பி: மேல ஒரு போர்ஷன் கட்டுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய 3 கேள்விகள்



திண்டிவனத்துலயோ விழுப்புரத்துலயோ ஏதாவது ஒரு தெருவுல, மாடியில ஏறி நின்னு சுத்திப் பாருங்க. நிறைய வீட்டு மொட்டை மாடியில, மூலைக்கு மூலை துருப்பிடிச்ச கம்பி வானத்தைப் பார்த்து நீட்டிக்கிட்டு நிற்கும். கீழ் வீடு கட்டும்போதே அப்பா விட்டு வச்ச கம்பி அது. "இப்போ கையில இவ்வளவுதான் இருக்கு. பின்னாடி புள்ளைங்க தலையெடுத்து மேல கட்டிக்குவாங்க"ன்னு ஒரு நம்பிக்கை.

அந்தப் புள்ளை இப்போ நீங்கதான்.

பரனூர்ல இறங்கி மகேந்திரா சிட்டிக்கு வேலைக்குப் போற ஆளா இருக்கலாம். 2024 பிப்ரவரியில வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்துல மினி டைடல் பூங்கா திறந்தாங்களே, அந்த மாதிரி வாய்ப்பை நம்பி ஊருக்கே திரும்பி வந்தவரா இருக்கலாம். கல்யாணம் ஆயிடுச்சு, ஒரு குழந்தை, இன்னொண்ணு வரப் போகுது. அம்மாவுக்கு முட்டி வலி. பொங்கலுக்கு ஊருக்குப் போனா சாப்பாடு முடிஞ்சதும் பேச்சு அங்கதான் போய் நிற்கும்: "மேல ஒரு போர்ஷன் போட்டுடலாமேப்பா, எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்."

நல்ல ஆசை. நானும் வேணாம்னு சொல்ல வரல. ஆனா மேல்மாடி கட்டுறதுல பெரிய நஷ்டம் சிமெண்ட் விலை ஏறுறதால வர்றதில்ல. மூணு கேள்வியைக் கேட்காம வேலையை ஆரம்பிக்கிறதாலதான் வருது. இடம் யார் பேர்ல இருக்கு? யாருக்காகக் கட்டுறோம்? கீழ் வீடு தாங்குமா? இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்ச பிறகுதான் பணக் கணக்கே.

எங்க சித்தப்பா வீட்டுல நடந்தது

இதை நான் புத்தகத்துல படிச்சுச் சொல்லல. விழுப்புரத்துல எங்க சித்தப்பா வீடு. அவர் சொந்தமா சம்பாதிச்சு வாங்கின மனை, கட்டின வீடு. 2014-ல அவரோட பையன், எனக்கு அண்ணன் முறை, பர்சனல் லோன் எடுத்து, அண்ணியோட நகையை அடகு வச்சு, மொத்தம் 9 லட்சம் போட்டு மேல ஒரு வீடு கட்டினாரு. பத்திரம் சித்தப்பா பேர்லயே இருந்துச்சு. "அப்பா வீடு, நம்ம வீடு, இதுல என்ன பேப்பர்?"ன்னு யாரும் அதைப் பத்திப் பேசல.

2021-ல சித்தப்பா தவறிட்டாரு. உயில் எதுவும் இல்ல. சட்டப்படி சித்தி, அண்ணன், அக்கா மூணு பேருக்கும் சம பங்கு. அக்காவுக்கு அப்போ பணத் தேவை. அவங்க பங்கைக் கேட்டாங்க. கேட்டதுல தப்பே இல்ல, அது அவங்க உரிமை. ஆனா மதிப்பு போடும்போது கீழ் வீடு, மேல் வீடு எல்லாம் சேர்த்துத்தான் போட்டாங்க. அண்ணன் போட்ட 9 லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. கடைசியில அக்காவோட பங்குக்குப் பணம் கொடுத்து, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க அண்ணன் இன்னொரு கடன் எடுத்தாரு. தான் கட்டின மாடியில ஒரு பகுதியைத் தானே காசு கொடுத்து வாங்கினாரு.

பணம் கூடப் பரவாயில்ல. ரெண்டு வருஷம் அக்கா அந்த வீட்டுப் படி ஏறல. இதுல யாரையும் கெட்டவங்கன்னு சொல்ல முடியாது. பேச வேண்டியதை முன்னாடியே பேசல, அவ்வளவுதான்.

கேள்வி 1: இடம் யார் பேர்ல இருக்கு?

நிலம் யாருதோ, அதுமேல நிக்கிற கட்டடமும் அவங்க சொத்தாத்தான் பார்க்கப்படும். காசு போட்டது நீங்கதான்னு காட்ட எழுத்துல ஒண்ணும் இல்லன்னா, அப்பா பேர்ல இருக்கிற மனையில நீங்க கட்டுற மாடி அப்பாவோட சொத்தோட சேர்ந்துடும். இதோட விளைவு நாலு இடத்துல தெரியும்.

• வங்கிக் கடன்: நிலத்தோட உரிமையாளர் கடன்ல இணை விண்ணப்பதாரரா வரணும்னு பொதுவா வங்கிகள் கேட்கும்.

• வரிச் சலுகை: வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு கேட்கணும்னா நீங்க உரிமையாளரா, குறைஞ்சது கூட்டு உரிமையாளரா இருக்கணும். இ.எம்.ஐ. உங்க சம்பளத்துல போனா மட்டும் பத்தாது.

• பி.எஃப். பணம்: வீட்டுத் தேவைக்கு எடுக்க வழி இருக்கு. அதுலயும் வீடு உங்க பேர்லயோ கணவர்/மனைவி பேர்லயோ இருக்கான்னு பார்ப்பாங்க. விதிகள் சமீபமா மாறிட்டு வர்றதால, எடுக்கிறதுக்கு முன்னாடி இ.பி.எஃப்.ஓ. போர்ட்டல்ல அன்னைக்கு இருக்கிற நிபந்தனையைப் படிச்சுக்கோங்க.

• வாரிசுரிமை: மேல சொன்ன கதைதான். அப்பாவோட சுயசம்பாத்திய சொத்துல, உயில் இல்லாம அவர் இறந்துட்டா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. பூர்வீக சொத்துலயும் மகளுக்கு சம உரிமை உண்டு. தமிழ்நாடு அதை 1989-லயே சட்டமாக்கிடுச்சு, நாடு முழுக்க 2005-ல வந்தது.

இதுக்கு வழி என்ன? அப்பா விரும்பினா, பிரிக்கப்படாத பாகம் ஒண்ணை உங்க பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள்ள எழுதுற செட்டில்மெண்டுக்கு தமிழ்நாட்டுல 2023 ஜூலைல மாத்தின கட்டணப்படி முத்திரைத் தீர்வை 1%, உச்சவரம்பு ரூ.40,000. பதிவுக் கட்டணம் 1%, உச்சவரம்பு ரூ.10,000. உங்களுக்கு எழுதுற பாகத்தோட மதிப்பு 15 லட்சம்னா, தீர்வை 15,000, பதிவுக் கட்டணம் 10,000, மொத்தம் 25,000. எவ்வளவு பெரிய மதிப்பா இருந்தாலும் இந்த ரெண்டும் சேர்ந்து 50,000 தாண்டாது. பத்திரம் எழுதுறவரோட கூலி தனி.

இங்க ரெண்டு விஷயத்துல கவனமா இருங்க. ஒண்ணு, அம்மா அப்பாவோட பாதுகாப்பு. செட்டில்மெண்டை எழுதிட்டு நினைச்சப்போ ரத்து பண்ண முடியாது. அதனால அவங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கிற வரைக்கும் அந்த வீட்டுல இருக்கிற உரிமை, அவங்களைக் கவனிச்சுக்கிற பொறுப்பு ரெண்டையும் பத்திரத்துலயே எழுதிடுங்க. கவனிச்சுக்கிறதா நிபந்தனை போட்டு சொத்தை வாங்கிட்டு, அதைச் செய்யாமப் போனா, 2007-ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அந்தப் பத்திரத்தையே செல்லாதுன்னு அறிவிக்க முடியும். நல்ல பிள்ளைக்கு இந்த வரியைப் பார்த்து பயம் வரத் தேவையில்ல.

ரெண்டாவது, அக்கா தங்கச்சி, அண்ணன் தம்பி. அவங்களுக்குத் தெரியாம பத்திரப் பதிவு அலுவலகம் போகாதீங்க. எல்லாரையும் உட்கார வச்சு, "மேல நான் இவ்வளவு போடுறேன், எனக்கு இந்தப் பாகம், உங்களுக்கு என்ன வேணும்?"னு கேளுங்க. செட்டில்மெண்ட் வேணாம்னா, அப்பா உயிலாவது எழுதட்டும். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, அவர் இருக்கிற வரைக்கும் மாத்திக்கவும் செய்யலாம். அந்தப் பேச்சு ஒரு சாயங்காலம் சங்கடமாத்தான் இருக்கும். எங்க வீட்டுல ரெண்டு வருஷம் சங்கடமா இருந்துச்சு.

கேள்வி 2: யாருக்காக, எத்தனை வருஷத்துக்கு?

"மேல மூணு பெட்ரூம் போட்டுடலாம்"னு ஆரம்பிக்காதீங்க. ஒரு பேப்பரை எடுத்து மூணு கட்டம் போடுங்க: இன்னைக்கு, 5 வருஷம் கழிச்சு, 15 வருஷம் கழிச்சு. ஒவ்வொரு கட்டத்துலயும் வீட்டுல யார் யார் இருப்பாங்க, அவங்க வயசு என்னன்னு எழுதுங்க. இன்னைக்கு 62 வயசு அப்பாவுக்கு அப்போ 77. இன்னைக்கு 3 வயசு பாப்பாவுக்கு அப்போ 18, வெளியூர்ல காலேஜ். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். உங்களுக்கே வேலை பெங்களூருக்கு மாறியிருக்கலாம்.

இந்தப் பேப்பரைப் பார்த்தா சில விஷயம் தானா புரியும்.

பெரியவங்க மாடி ஏற மாட்டாங்க. அதனால அவங்களுக்கான செலவு கீழதான் நடக்கணும். படுக்கையறையை ஒட்டி வெஸ்டர்ன் டாய்லெட், வழுக்காத டைல்ஸ், பிடிச்சு எழுந்திருக்க கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையற மாதிரி 3 அடி கதவு. மேல்மாடி பட்ஜெட்டோட ஒப்பிட்டா இது சின்னத் தொகை. ஆனா பல வீடுகள்ல மாடிக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்கிற மும்முரத்துல இது விட்டுப் போயிடும். சில வீடுகள்ல கீழ இப்படி மாத்தி அமைச்சாலே மாடி தேவைப்படாமப் போகும்.

அளவைப் பத்தியும் யோசிங்க. தமிழ்நாடு அரசோட கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல ஒரு குடும்பத்துக்குக் கட்டுற வீடு 360 சதுர அடி. அதுதான் எல்லாருக்கும் போதும்னு நான் சொல்லல. ஆனா கீழ ஏற்கெனவே முழு வீடு இருக்கும்போது, மேல 1,000 சதுர அடி எதுக்குன்னு ஒரு தடவை கேட்டுக்கலாம். ரெண்டு ரூம், ஒரு பாத்ரூம், சின்ன ஹால்னா 500-600 சதுர அடியில அடங்கிடும்.

படிக்கட்டை வெளியில வைங்க. கிச்சன் இப்போ வேணாம்னாலும் அதுக்கான தண்ணி லைன், கழிவுநீர் லைனை இப்பவே விட்டுடுங்க. நாளைக்கு நீங்க ஊர் மாறினா தனியா வாடகைக்கு விடலாம், திரும்பி வந்தா தனிக்குடித்தனமா இருக்கலாம். குடும்பம் மாறிக்கிட்டேதான் இருக்கும், அதுக்கு ஏத்த மாதிரி வீடும் மாறுற வழியை விட்டு வைங்க.

கேள்வி 3: கீழ் வீடு தாங்குமா?

மேஸ்திரி வந்து சுவத்தைத் தட்டிப் பார்த்து "தாங்கும் சார், நம்ம கட்டின வீடுதானே"ம்பாரு. அனுபவம் உள்ளவர்தான். ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். அவர் பார்க்கிறது இதெல்லாம்:

• வீடு பில்லர் போட்டதா, இல்ல 9 அங்குல செங்கல் சுவர்லயே நிக்கிறதா?

• அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், ஃபுட்டிங் என்ன அளவு? தெரியலன்னா ஒரு மூலையில தோண்டிப் பார்ப்பாங்க.

• கான்கிரீட்டோட வலிமை என்ன? சுத்தியல் மாதிரி ஒரு கருவியை அழுத்தி ஒரு மதிப்பீடு எடுப்பாங்க.

• நீட்டி விட்ட கம்பி இன்னும் பயன்படுமா? 15-20 வருஷம் மழையில நின்ன கம்பி துருப்பிடிச்சு மெலிஞ்சிருக்கும். அதுலயே அப்படியே புதுக் கம்பியைக் கட்டிடக் கூடாது.

பாரம் கம்மியா இருக்கணும்னு சொன்னா ஏ.ஏ.சி. பிளாக் சுவர் மாதிரி வழிகள் இருக்கு. மாடியில ஏற்கெனவே போட்டிருக்கிற சுண்ணாம்பு-செங்கல் ஜல்லி, தட்டோடு எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் மேல கட்டணும். அந்த வேலையும் கூலியும் எஸ்டிமேட்ல இருக்கான்னு பாருங்க. "இந்த வீடு தாங்காது"ன்னு இன்ஜினியர் சொன்னா, அவருக்குக் கொடுத்த ஃபீஸ்தான் இந்த மொத்த திட்டத்துலயே உங்களுக்கு அதிகம் மிச்சம் பிடிச்சுக் கொடுத்த செலவு.

அதோட, மேல் தளம் கட்டவும் அனுமதி வேணும். நகராட்சின்னாலும் ஊராட்சின்னாலும் 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் அடிப்படை. 2024 ஜூலைல அரசு கொண்டு வந்த சுயசான்று திட்டத்துல, 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம்னா ஆன்லைன்லயே உடனடி அனுமதி கிடைக்குது. ஏற்கெனவே இருக்கிற உங்க வீட்டு மேல கட்டுறது அதுல வருமான்னு பதிவு பெற்ற இன்ஜினியர்கிட்ட கேட்டுக்கோங்க. அப்ரூவல் இல்லாம வங்கிக் கடன் கிடைக்கிறது கஷ்டம். கட்டி முடிச்சதும் சொத்து வரி மாறும், அதையும் கணக்குல வைங்க.

இப்போ பணக் கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். இது கணக்குக்காக நான் வச்சுக்கிட்ட ரேட். உங்க ஊர் ரேட்டைப் போட்டு மாத்திக்கோங்க.

550 சதுர அடி × ரூ.2,200 = ரூ.12,10,000

இதுக்குள்ள வராத செலவு நிறைய இருக்கு: வெளிப் படிக்கட்டு, தண்ணித் தொட்டி, மோட்டார் லைன், கரண்ட் வேலை, பிளான் கட்டணம், இன்ஜினியர் ஃபீஸ், ஜன்னல் கிரில். இதுக்கு 15% சேர்த்தா ரூ.1,81,500. மொத்தம் கிட்டத்தட்ட 14 லட்சம். கையில 4 லட்சம், கடன் 10 லட்சம்னு வச்சுக்குவோம்.

வீட்டுக் கடன், 9% வட்டி:
• 5 வருஷம்: மாசம் ரூ.20,758, மொத்த வட்டி சுமார் 2.46 லட்சம்
• 10 வருஷம்: மாசம் ரூ.12,668, மொத்த வட்டி சுமார் 5.20 லட்சம்
• 15 வருஷம்: மாசம் ரூ.10,143, மொத்த வட்டி சுமார் 8.26 லட்சம்

பர்சனல் லோன், 14% வட்டி:
• 5 வருஷம்: மாசம் ரூ.23,268, மொத்த வட்டி சுமார் 3.96 லட்சம்

அதே 5 வருஷத்துக்கு பர்சனல் லோன்ல ஒன்றரை லட்சம் அதிகம். "பேப்பர் வேலை இல்ல, ரெண்டு நாள்ல பணம்"ங்கிற வசதிக்குக் கொடுக்கிற விலை இது. அதே மாதிரி 10 வருஷத்தை 15 ஆக்கினா மாசம் மிச்சமாகிறது 2,500 ரூபாய், கூடுதலா போற வட்டி 3 லட்சம்.

என் யோசனை: 10 வருஷத்துக்கு எடுங்க, போனஸ் வரும்போது அசலைக் கட்டுங்க. மிதக்கும் வட்டியில இருக்கிற வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க, தனிநபர்கிட்ட அபராதம் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. ஏற்கெனவே வீட்டுக் கடன் ஓடுதுன்னா, டாப்-அப் லோன் கேட்டுப் பாருங்க, பர்சனல் லோனை விட வட்டி பொதுவா கம்மியா இருக்கும்.

வரிச் சலுகையை நம்பி கடன் எடுக்காதீங்க. புதிய வரி முறையில, நீங்களே குடியிருக்கிற வீட்டோட கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையில கட்டுமானக் கடனுக்கு வருஷம் 2 லட்சம் வரை, ரிப்பேர், புதுப்பிப்புக் கடனுக்கு 30,000 வரைதான்.

இன்னொரு விஷயத்தையும் நேராச் சொல்லிடுறேன். மாடி வீடு முதலீடு இல்ல. மாசம் 7,000 வாடகை வந்தா வருஷம் 84,000. 14 லட்சத்துக்கு அது 6%. நீங்க கட்டுற வட்டி 9%. குடும்பம் சேர்ந்து இருக்கணும்னு கட்டுங்க, அது நல்ல காரணம். "வாடகையில இ.எம்.ஐ. போயிடும்"னு கட்டாதீங்க.

வேலையை ஆரம்பிக்கிற அன்னைக்கு, 6 மாச வீட்டுச் செலவு தொடாம வங்கியில இருக்கணும். கடன் அளவுக்காவது டேர்ம் இன்சூரன்ஸ் இருக்கணும். எல்லா இ.எம்.ஐ.யும் சேர்த்து கைக்கு வர்ற சம்பளத்துல 40% தாண்டக் கூடாது. இதுல ஒண்ணு இல்லன்னாலும் ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. கம்பி இத்தனை வருஷம் நின்னுச்சு, இன்னும் ஒரு வருஷம் நிற்கும். அதுவரைக்கும் துருப்பிடிக்காம சிமெண்ட் பால் பூசி மூடி வைங்க.

எப்போ ஆரம்பிக்கலாம்?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. திண்டிவனத்துக்குப் பக்கத்துல இருக்கிற மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ. கிட்ட மழை. அந்த மழையில பாதி கட்டின வீடு என்ன பாடுபட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க: நனைஞ்ச சிமெண்ட் மூட்டை, கரைஞ்சு போன எம்-சாண்ட், நின்னு போன வேலை, ஆனா நிற்காத இ.எம்.ஐ.

நம்ம பக்கம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. தை பிறந்ததும் ஆரம்பிச்சா, ஆடிக்கு முன்னாடி தளம் போட்டு, புரட்டாசிக்குள்ள பூச்சு வேலை முடிக்கலாம். பேப்பர் வேலைக்கும் கடனுக்கும் 3-4 மாசம் பிடிக்கும்னு வச்சுக்கிட்டா, தையில ஆரம்பிக்க நீங்க ஆவணியிலயே ஓட ஆரம்பிக்கணும். மாடிக்குப் பதிலா கீழ பக்கவாட்டுல ரூம் எடுக்கிறவங்க தரை மட்டத்தை ரோட்டை விட நல்லா உயர்த்துங்க. ரோடு போடும்போதெல்லாம் ரோடும் உயர்ந்துக்கிட்டே வரும்.

மேஸ்திரிகிட்ட எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க: கூலி மட்டுமா, பொருளோட சேர்த்தா, எந்த பிராண்ட் சிமெண்ட், கம்பி. சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 28%-ல இருந்து 18% ஆயிடுச்சு, பழைய எஸ்டிமேட்டைக் காட்டினா கேளுங்க. பணத்தைக் கட்டம் கட்டமா, வேலை முடிஞ்ச பிறகு கொடுங்க. அடுத்த தவணை சீக்கிரம் வரணும்னு சென்ட்ரிங்கை அவசரமா பிரிக்க விடாதீங்க. இன்ஜினியர் சொல்ற நாள் வரைக்கும் முட்டு நிற்கட்டும், தளத்துல தண்ணி கட்டி நிற்கட்டும்.

இந்த வார இறுதிக்கு உங்க வேலை

1. மூலப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீதை எடுத்து யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்க.

2. இன்னைக்கு, 5 வருஷம், 15 வருஷம் கட்டம் போட்டு அம்மா, அப்பா, மனைவி அல்லது கணவரோட உட்கார்ந்து நிரப்புங்க.

3. அக்காவுக்கோ தம்பிக்கோ நீங்களே ஃபோன் பண்ணி விஷயத்தைச் சொல்லுங்க. வேற யாரோ சொல்லி அவங்களுக்குத் தெரிய வரக் கூடாது.

4. அதுக்கு அப்புறம் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. கடைசியாத்தான் வங்கி.

எங்க சித்தப்பா வீட்டுல இப்போ எல்லாம் சரியாயிடுச்சு. போன தீபாவளிக்கு அக்கா குடும்பத்தோட வந்து மேல் வீட்டுலதான் தங்கினாங்க. சித்தி மட்டும் ஒரு வார்த்தை சொன்னாங்க: "அந்த மனுஷன் இருக்கும்போதே ஒரு பேப்பர்ல எழுதி வச்சிருந்தா, இந்த ரெண்டு தீபாவளி வீணாப் போயிருக்காது."

உங்க வீட்டுல ஒரு தீபாவளி கூட வீணாப் போக வேணாம். முதல்ல பேப்பரை எழுதுங்க, அப்புறம் செங்கல் இறக்குங்க. அடுத்த வீடியோவுல வங்கிக் கடனுக்கு எந்தெந்த ஆவணம் வேணும்னு ஒவ்வொண்ணா பார்க்கலாம்.